உறை பிரிக்காத கலகம்

ஓர் இசைத்தட்டின் விலை அதில் பதிந்துள்ள இசையைச் சேர்ந்ததா, கடைக்காரரின் கணக்கேட்டைச் சேர்ந்ததா? பெரும்பாலான இசைக்குழுக்களைப் பொறுத்தவரை இது வீண் கேள்வி. 1976இல் லண்டனில் உருவாகிப் பத்தாண்டுகளில் கலைந்துபோன த கிளாஷ் என்னும் பங்க் இசைக்குழுவைப் பொறுத்தவரை இதுவே முதற்கேள்வி என்று கருதுகிறோம். ஜோ ஸ்ட்ரம்மர், மிக் ஜோன்ஸ், பால் சிமனன், டாப்பர் ஹெடன் என்னும் நால்வரின் பெயரால் பெரிதும் அறியப்படும் அக்குழு ஆறு ஸ்டூடியோ ஆல்பங்களை விட்டுச்சென்றது. அவற்றைத் தேடிக் கண்டடைவதும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதும் இன்று பல நாடுகளிலும் பலருடைய வாழ்நாள் வேலையாக இருக்கிறது. அந்த வேலையை நாம் மதிக்கிறோம். ஆனால் அது நடக்கும் விதம் குறித்து நமக்குக் கடுமையான மாறுபாடு உண்டு.

நம் கட்சி இதுதான்: தன் தட்டுகள் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தன்னை ஒப்பந்தம் செய்த நிறுவனத்தோடு மீண்டும் மீண்டும் மல்லுக்கு நின்ற குழு அது. அதன் தட்டுகளைக் கேட்கப்படாத பொருளாக, விலையேறும் சொத்தாகப் பூட்டிவைப்பவர் அக்குழுவைச் சேகரிக்கவில்லை, மறுக்கிறார். இப்படிச் சொன்னால் இரண்டு பக்கமிருந்தும் எதிர்ப்பு வரும். அரும்பொருள் சேகரிப்போர், 'எங்கள் பணம், எங்கள் அலமாரி' என்பார்கள். தூய்மைவாதிகளோ, 'பங்க் என்பதே சேகரிப்புக்கு எதிரானது. ஆல்பத்தை வரிசையாக அடுக்கிய அன்றே நீங்களும் தோற்றுவிட்டீர்கள்' என்பார்கள். இருவருக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

*

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 1977 ஜனவரியில் கிளாஷ் குழு சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனத்தோடு ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஆண்டு ஏப்ரலில் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பம் வந்தது. அப்போது 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' வார இதழோடு சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஆல்பத்தின் முதல் பிரதிகளோடு வந்த சிவப்பு ஒட்டுச்சீட்டையும் இதழில் அச்சான கூப்பனையும் சேர்த்து அனுப்பும் வாசகருக்கு 'கேபிடல் ரேடியோ' என்னும் சிறுதட்டு இலவசமாக அனுப்பப்பட்டது. கடையில் அதற்கு விலையே கிடையாது.

விலையில்லாத அந்தத் தட்டு இரண்டே ஆண்டுகளில் சேகரிப்பாளர் சந்தையில் எட்டாத விலைக்குப் போயிற்று. இது குழுவின் காதுக்கு எட்டியது. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் நம் வாதத்தின் வேர் இருக்கிறது. தங்கள் தட்டு அரும்பொருளாகிவிட்டதே என்று அவர்கள் பெருமைப்படவில்லை. அதே பாடலை மறுபடி புதிதாகப் பதிவுசெய்து, 1979 மே மாதம் வெளியான நான்கு பாடல்கள் கொண்ட தட்டில் 'கேபிடல் ரேடியோ 2' என்று சேர்த்தார்கள். அந்தத் தட்டின் தலைப்பு 'த காஸ்ட் ஆஃப் லிவிங்'. வாழ்க்கைச் செலவு என்று பொருள். மார்கரெட் தாட்சர் பிரதமரான அதே மாதத்தில் வந்த தட்டு அது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 'பிளாக் மார்க்கெட் கிளாஷ்' என்னும் பத்து அங்குலத் தட்டு வந்தபோது பழைய பதிவையே முதல் பாடலாக வைத்தார்கள். கள்ளச்சந்தை என்று தலைப்பிட்டு, கள்ளச்சந்தையில் விலையேறிய பாடலைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். தாங்கள் படைத்த பொருள் அரிதாவதை ஒரு குறையாகக் கண்டு, அக்குறையைப் பாடல் வழியாகவே தீர்த்த கலைஞர்கள் எத்தனை பேர்?

இது ஒருமுறை நிகழ்ந்த விந்தையன்று. 1979 டிசம்பரில் வந்த 'லண்டன் காலிங்' பத்தொன்பது பாடல்கள் கொண்ட இரட்டைத் தட்டு. இரட்டைத் தட்டை ஒற்றைத் தட்டின் விலைக்குத் தர நிறுவனம் இசையவில்லை. சரி, ஒற்றைத் தட்டோடு பன்னிரண்டு அங்குல சிங்கிள் ஒன்றை இலவச இணைப்பாகத் தரலாமா என்று குழு கேட்டது. நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த 'இலவச சிங்கிள்' மெல்ல மெல்ல வளர்ந்து ஒரு முழு இரண்டாம் தட்டாகவே ஆகிவிட்டது. விற்பனை விலை 5 பவுண்டு. கடைசிப் பாடலான 'டிரெயின் இன் வெய்ன்' உறையின் பாடல் பட்டியலில் இல்லை. இதழ் வழியாக இலவசமாகத் தருவதற்கென்று பதிவான பாடல் அது. அத்திட்டம் கைகூடாமல் போகவே, உறை அச்சான பிறகு தட்டில் இடம்பெற்றது.

1980 டிசம்பரில் 'சாண்டினிஸ்டா!' வந்தது. மூன்று தட்டுகள், ஆறு பக்கங்கள், பக்கத்துக்கு ஆறாக முப்பத்தாறு பாடல்கள். விலை 5 பவுண்டு 99 பென்னி. அந்த விலைக்கு நிறுவனத்தை இணங்கவைக்கக் குழு ஒரு விலை கொடுத்தது: பிரிட்டனில் விற்கும் முதல் இரண்டு லட்சம் பிரதிகளுக்கு உரிமைத்தொகை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. நிகராகுவாவின் சாண்டினிஸ்டா விடுதலை முன்னணியைக் குறிக்கும் எஃப்.எஸ்.எல்.என். என்னும் எழுத்துகளையே தட்டின் வரிசை எண்ணாக இட்டது. மறு ஆண்டு நியூயார்க்கின் பாண்ட்ஸ் அரங்கில் எட்டு நிகழ்ச்சிகள் ஏற்பாடாகியிருந்தன. அரங்கம் கொள்ளும் அளவுக்கு மேல் சீட்டுகள் விற்கப்பட்டிருந்ததால் தீயணைப்புத் துறை குறுக்கிட்டது. சீட்டு வாங்கிய எவரும் ஏமாறக்கூடாது என்று குழு பதினேழு நிகழ்ச்சிகள் நடத்தியது.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால், இக்குழுவுக்கு விலை என்பது பாடலுக்கு வெளியே இருந்த வணிக விவரமன்று. விலையும் பாடலில் ஒரு வரி. அந்த வரியை அழித்துவிட்டுப் பாடலைப் பாடுவது பாடபேதம்கூட அன்று, இடைச்செருகல்.

*

அரும்பொருள் சேகரிப்போர் இங்கே ஒரு நியாயம் சொல்வதுண்டு. முதல் அச்சின் ஒலியே தனி. அதற்கு ஈடு கிடையாது. ஆகவேதான் அந்த விலை என்பார்கள். அப்படியானால் அதைக் கேட்க வேண்டுமல்லவா? உறை பிரிக்கப்படாத பிரதிக்கு ஏன் கூடுதல் விலை? மெல்லிய நெகிழித்தாள் கிழிபடாமல் இருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு. ஊசி பட்ட கணத்தில் மதிப்பு சரிகிறது. பக்கம் வெட்டப்படாத முதற்பதிப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு, நாவலைப் பற்றிப் பேச வருபவரை நாம் வாசகர் என்று அழைப்பதில்லை. இசையில் மட்டும் அவரை 'தீவிர ரசிகர்' என்று கொண்டாடுவது என்ன வழக்கம்?

அதே பங்க் உலகிலிருந்து இன்னொரு சான்று. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் 'காட் சேவ் த குயீன்' சிங்கிளை 1977 மார்ச்சில் ஏ அண்ட் எம் நிறுவனம் அச்சிட்டது. சில நாள்களிலேயே குழுவை வெளியேற்றி, அச்சிட்ட ஏறத்தாழ 25,000 தட்டுகளையும் அழித்தது. தப்பியவை மிகச் சில. அவை இன்று பல ஆயிரம் பவுண்டு விலைபோகின்றன. ஆனால் அந்தப் பாடல் அதே ஆண்டு மே மாதமே விர்ஜின் நிறுவனத்தின் வெளியீடாகக் கடைகளுக்கு வந்துவிட்டது. சில்லறைக் காசுக்கு எவரும் வாங்கிக் கேட்டார்கள். ஆக, ஏ அண்ட் எம் பிரதிக்குக் கொடுக்கப்படும் பெருந்தொகை எதற்கு? பாடலுக்கு அன்று, ஒரு நிறுவனத்தின் அச்சத்துக்கு. அழிக்க நினைத்தவரின் செயலுக்கே அங்கே மதிப்பு ஏறியிருக்கிறது. இந்த அபத்தத்தை அபத்தம் என்று சொல்வதற்கு நமக்குத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் பல பதிவுகள் அழிந்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் காப்பதும் பதுக்குவதும் ஒன்றல்ல. 'லண்டன் காலிங்' ஆல்பத்துக்கான ஒத்திகை நாடாக்கள் தொலைந்தன என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. மிக் ஜோன்ஸ் தம் பழைய பொருள்களுக்கிடையே ஒரு படியைக் கண்டெடுத்தார். 2004இல் வந்த இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பில் அவை 'வெனிலா டேப்ஸ்' என்ற பெயரில் எல்லோருக்கும் கிடைத்தன. காத்தலின் முடிவு பகிர்தல். ஏட்டைக் கண்டெடுத்தவரைப் பதிப்பாசிரியர் என்று போற்றுகிறோம். அவர் அதைப் பதிப்பித்தால்தான்.

*

விலைக்கு அடுத்தபடியாக முழுமை. நிறுவனங்களின் மறுவெளியீடுகள் மீது நம் குற்றச்சாட்டு இங்கேதான் தொடங்குகிறது.

2013இல் 'சவுண்ட் சிஸ்டம்' என்னும் பெட்டி வந்தது. பழைய பெரிய ஒலிநாடாப் பெட்டியின் வடிவில் சிமனனே வடிவமைத்தது. உள்ளே புதிதாக ஒலிச்சீரமைப்பு செய்யப்பட்ட குறுந்தகடுகள், சுவரொட்டி, மார்பில் குத்தும் வில்லைகள், ஒட்டுச்சீட்டுகள், படைவீரர் கழுத்தில் தொங்கவிடும் அடையாளத் தகடுகள். இத்தனையும் இருந்தும், குழுவின் ஆறு ஸ்டூடியோ ஆல்பங்களில் ஐந்துதான் இருந்தன. 1985இல் வந்த 'கட் த கிராப்' இல்லை. முழுத்தொகுப்பு என்று வாங்குபவர் நினைக்கும் பெட்டியில் கழுத்துத் தகட்டுக்கு இடம் இருக்கிறது. ஓர் ஆல்பத்துக்கு இல்லை!

அது மோசமான ஆல்பம் என்பது பொதுவான தீர்ப்பு. தீர்ப்பில் பெரிய பிழை இல்லை. 1982இல் ஹெடனும் 1983இல் ஜோன்ஸும் வெளியேற்றப்பட்ட பின்னர், ஸ்ட்ரம்மரும் சிமனனும் புதிய மூவரோடு நடத்திய குழுவின் ஆல்பம் அது. மேலாளர் பெர்னி ரோட்ஸ் புனைபெயரில் தயாரிப்பாளராக அமர்ந்து, இயந்திரத் தாளத்தையும் கூட்டக் குரல்களையும் கொட்டி நிரப்பினார். ஆனால் மோசமான நூலை விட்டுவிட்டு ஓர் எழுத்தாளரின் 'முழுத்தொகுதி' வெளியிடும் பதிப்பாளரை நாம் என்ன சொல்வோம்? அந்த ஆல்பத்தில்தான் 'திஸ் இஸ் இங்கிலாந்து' இருக்கிறது. தாட்சர் கால இங்கிலாந்தின் வெறுமையைப் பாடிய பாடல்களுள் அதற்கு இணையானவை மிகச் சில. 'அது நால்வரின் கிளாஷ் அன்று' என்று ரசிகர்கள் சிலர் அதை ஒதுக்குகிறார்கள். நால்வர் என்ற அளவுகோலை நேர்மையாக வைத்தால் முதல் ஆல்பமும் வெளியே போய்விடும். அதில் டிரம்ஸ் வாசித்தவர் ஹெடன் அல்லர், டெர்ரி சைம்ஸ். அவருடைய பெயரைக்கூட உறையில் 'டோரி கிரைம்ஸ்' என்று கேலியாக அச்சிட்டிருந்தார்கள். முதல் ஆல்பத்துக்கு ஒரு நீதி, கடைசி ஆல்பத்துக்கு ஒரு நீதியா?

இன்னொன்றும் உண்டு. மறைக்கப்படும் இதே ஐவர்தான் 1985 மே மாதம், கையில் பணமில்லாமல், கித்தார்களை மட்டும் எடுத்துக்கொண்டு லண்டனைவிட்டுக் கிளம்பி, வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் தெருவோரங்களில் நின்று பாடினார்கள். கேட்டவர் போட்ட காசில் நாளைக் கழித்தார்கள். 5 பவுண்டு விலைக்குப் போராடிய குழு, விலையே இல்லாமல் பாடிய காலம் அது. அந்தக் காலத்தையும் சேர்த்து வெட்டியெறிந்துவிட்டு, மீதியை அழகான பெட்டியில் அடைப்பது வரலாறாகாது, அலங்காரம்தான்.

*

இனி தூய்மைவாதிகளுக்கு. 'ஸ்னிஃபிங் க்ளூ' என்னும் ரசிகர் இதழை நடத்திய மார்க் பெர்ரி, கிளாஷ் குழு சி.பி.எஸ்.ஸில் கையெழுத்திட்ட நாளே பங்க் இறந்த நாள் என்று சொன்னதாக ஒரு கூற்று இன்றும் மேற்கோளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சொல்வதற்கு எளிய வாக்கியம். ஆனால் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். 1977 மே மாதம் நிறுவனம் குழுவைக் கேட்காமலே 'ரிமோட் கண்ட்ரோல்' பாடலை சிங்கிளாக வெளியிட்டது. அதற்கு மறுமொழியாகக் குழு 'கம்ப்ளீட் கண்ட்ரோல்' என்னும் பாடலை எழுதி, அதே நிறுவனத்தின் முத்திரையோடே செப்டம்பரில் வெளியிட்டது. தன்னை வைதுகொள்ளும் தட்டைத் தானே அச்சிட்டு விற்க வேண்டிய நிலைக்கு நிறுவனம் வந்தது. வெளியே நின்று கல்லெறிவது ஒரு வழி. உள்ளே நின்று கணக்குக் கேட்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் அழுக்குப் படாமல் இருக்க முடியாது. 1991இல் ஒரு ஜீன்ஸ் விளம்பரம் வழியாக 'ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ' பாடல் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்ததையும் நாம் மறைக்கவில்லை. குழு கலைந்தபின் கிடைத்த அந்த ஒரே முதலிடம் யாருக்கும் பெருமையன்று.

தூய்மைவாதத்தின் உச்சத்தை 2016 நவம்பரில் தேம்ஸ் நதியில் கண்டோம். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் மேலாளர் மால்கம் மக்லாரனுக்கும் ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டுக்கும் மகனான ஜோ கோரே, தம்மிடமிருந்த பங்க் காலப் பொருள்களைப் படகில் வைத்துக் கொளுத்தினார். பங்க் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது என்பதற்கு எதிர்ப்பாம். எரிந்தவற்றின் மதிப்பு ஐம்பது லட்சம் பவுண்டு என்று அவரே அறிவித்தார். எதிர்ப்பின் அளவைச் சொல்லவும் அவருக்குச் சந்தை விலைதான் தேவைப்பட்டது! பூட்டிவைப்பவரும் கொளுத்துபவரும் ஒரே மதத்தின் இரண்டு பூசாரிகள். இருவருக்கும் பொருள் விலையாகத்தான் தெரிகிறது. இருவர் கையிலும் அது கேட்கப்படுவதில்லை.

*

அப்படியென்றால் எப்படித்தான் சேர்ப்பது? காலவரிசையில், முழுமையாக, கேட்பதற்காக. பிரதி எந்த ஆண்டு அச்சானது என்பது இரண்டாம் கேள்வி. பழைய கடையில் கிடைத்த கீறல் விழுந்த தட்டானாலும், குறுந்தகடானாலும், இணையத்தில் ஓடும் ஒலியானாலும் குற்றமில்லை. ஆனால் 'சிறந்த இருபது' என்னும் தொகுப்புத் தட்டோடு நின்றுவிடுவது, ஒரு கவிஞரைப் பாடநூலோடு முடித்துக்கொள்வது போன்றது.

வரிசையில் கேட்கும்போதுதான் இக்குழு நடந்த தூரம் தெரியும். முதல் ஆல்பத்தின் வேகத்துக்கு நடுவே, ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் பாடிய 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' ஆறு நிமிடம் நிதானமாக ஒலிக்கிறது. பின்னால் வரப்போகும் ரெகே எல்லாவற்றுக்கும் வித்து அது. பாடபேதங்களும் அப்போதுதான் புலப்படும். முதல் ஆல்பத்தை அமெரிக்கக் கிளை 1979 வரை வெளியிடவே இல்லை. பிறகு வெளியிட்டபோது நான்கு பாடல்களை எடுத்துவிட்டு, இடையில் வந்த சிங்கிள்களைச் சேர்த்தது. ஆகவே 'முதல் ஆல்பம்' என்று ஓர் அமெரிக்கரும் ஓர் ஆங்கிலேயரும் சொன்னது நெடுங்காலம் ஒரே பிரதியை அன்று. 'சாண்டினிஸ்டா!'வை ஒற்றைத் தட்டாகச் சுருக்கியிருக்கலாம் என்பது விமர்சகர்களின் பழைய பல்லவி. சுருக்கியிருந்தால் நல்ல தட்டு ஒன்று கிடைத்திருக்கும். ரெகே, டப், ராப், ஜாஸ், தேவாலய இசை என்று ஒரு குழு தன் எல்லைகளைச் சோதித்துத் தடுமாறும் ஆவணம் கிடைத்திருக்காது.

'காம்பாட் ராக்' (1982) தட்டின் முதல் பக்கத்தை முழுதும் கேட்பவருக்கு இன்னொரு பரிசு உண்டு. உலகறிந்த இரண்டு வெற்றிப் பாடல்களைக் கடந்து, பக்கத்தின் கடைசியில் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' வருகிறது. பிரிட்டனில் வரவேற்பில்லாத குடியேறிகளையும், அமெரிக்கப் படைவீரர்கள் வியட்நாமில் விட்டுச்சென்ற பிள்ளைகளையும் ஒரே தாளத்தில் கோத்த பாடல். ஆல்பத்துக்காக அது வெட்டிச் சுருக்கப்பட்டது. 1991இல் வந்த 'கிளாஷ் ஆன் பிராட்வே' பெட்டியில் முழு வடிவம் கிடைக்கிறது. அதன் இசைத்துணுக்கை எடுத்தாண்டே 2007இல் 'பேப்பர் பிளேன்ஸ்' பிறந்தது. பாடியவர் எம்.ஐ.ஏ. என்னும் மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுபருவத்தைக் கழித்து, அகதியாக லண்டன் திரும்பிய ஈழத்தமிழ்ப் பெண். குடியேறிகளை நோக்கி மூடிய கதவைப் பற்றிய பாடலின் மேல், அக்கதவைத் தட்டி நுழைந்த ஒருத்தி தன் பாடலைக் கட்டினாள். உறை பிரிக்கப்படாத தட்டிலிருந்து இது நிகழ்ந்திருக்காது. யாரோ கேட்டார்கள், கேட்டதிலிருந்து எடுத்தார்கள், எடுத்ததை நாடுகள் கடந்து அனுப்பினார்கள். இசை வாழும் வழி இதுவன்றி வேறில்லை.

சேகரிப்புக்கு ஒரு முன்மாதிரியும் அக்குழுவிலிருந்தே கிடைக்கிறது. மிக் ஜோன்ஸ் வாழ்நாளெல்லாம் பொருள் சேர்த்தவர். தட்டுகள், இதழ்கள், உடைகள், கருவிகள் என்று குவித்தவர். 2009இல் அவற்றை மேற்கு லண்டனில், குழுவின் பாடல்களில் இடம்பெற்ற வெஸ்ட்வே மேம்பாலத்தின் அருகே ஓர் இடத்தில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைத்தார். அதற்கு அவர் ஏலக்கூடம் என்றோ கருவூலம் என்றோ பெயர் வைக்கவில்லை. பொது நூலகம் என்று வைத்தார்.

நூலகத்தில் புத்தகத்தின் மதிப்பு, எத்தனை கைகள் அதைப் புரட்டின என்பதில் இருக்கிறது. அலமாரியில் கிளாஷ் தட்டுகளை அடுக்கியிருக்கும் நண்பர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே: கடைசியாக அந்தத் தட்டை யாருக்குப் போட்டுக்காட்டினீர்கள்?